மொட்டை மாடி வெந்நீர் லைன்: ஜிஐயா, சிபிவிசியா, பிபிஆரா?

சோலார் ஹீட்டர் வைப்பதென்று முடிவான வீட்டில் அடுத்த பேச்சு பைப்பைப் பற்றித்தான். ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், சிபிவிசி வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக், பிபிஆர் உருக்கி இணைக்கும் பிளாஸ்டிக். பாளையங்கோட்டைப் பக்கம் இந்தக் கேள்விக்கு எப்போதும் இரண்டு கட்சி உண்டு. "இரும்பு சூட்டுல அவ்வளவா நீளாது, பிளாஸ்டிக் வெயில்ல நெளிஞ்சு போயிரும், பேசாம ஜிஐ போடுங்க" என்பது ஒன்று. "ஜிஐ துருப்பிடிச்சு அடைச்சுக்கிடும், சிபிவிசி போட்டா அந்தக் கவலையே இல்ல" என்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சைத் தண்ணீரைப் பார்த்துத்தான் சரியா தப்பா என்று சொல்ல முடியும். முதல் பேச்சில்தான் கணக்குப் பிசகு இருக்கிறது. அந்தப் பிசகால் பலர் வேண்டாத பைப்பை வாங்குகிறார்கள், அல்லது சரியான பைப்பை வாங்கித் தப்பாகப் போடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த பைப் என்பதைத் தண்ணீரையும் சூட்டையும் வெயிலையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அது எவ்வளவு நீளும் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, அதை எப்படிப் போடுவது, கிளாம்ப் எங்கே அடிப்பது, வளைவு எங்கே விடுவது என்பவற்றை மட்டுமே.

முதலில் எண்கள். ஒரு மீட்டர் பைப் ஒரு டிகிரி சூடேறினால் ஜிஐ 0.012 மில்லிமீட்டர் நீளும். செம்பும் 304 ரக எவர்சில்வர் பைப்பும் 0.017. நடுவில் அலுமினியம் வைத்த காம்போசிட் பைப் 0.025 அளவில். சிபிவிசி 0.065 அளவில், யுபிவிசியும் (பச்சைத் தண்ணீருக்குப் போடும் சாதா பிளாஸ்டிக்) அதை ஒட்டியே. சாதா பிபிஆர் 0.15, கண்ணாடி இழை கலந்த பிபிஆர் 0.05 அளவில். இதில் விட்டத்துக்கும் கனத்துக்கும் வேலையே இல்லை. அரை இஞ்சும் இரண்டு இஞ்சும் ஒரே அளவுதான் நீளும். 'கனமான பைப் போட்டால் நீளாது' என்று சொல்லி அதிக விலைக்கு விற்கப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

இதை நம் மாடிக்குக் கொண்டுவருவோம். ஹீட்டரிலிருந்து குளியலறை இறக்கம் வரை நேராக 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பைப் 28 டிகிரியில் இருக்கிறது, திறந்ததும் 70 டிகிரித் தண்ணீர் ஓடுகிறது. ஏற்றம் 42 டிகிரி. ஜிஐ 5 மி.மீ. நீளும். செம்பு 7, காம்போசிட் 10க்குக் கொஞ்சம் மேல். இழை பிபிஆர் 21, சிபிவிசி 27. சாதா பிபிஆர் 63, அதாவது ஆறு சென்டிமீட்டருக்கு மேல். இந்த வரிசையைப் பார்த்தால் ஜிஐதான் ஜெயித்தது போலத் தெரியும். முதல் கட்சி இங்கேயே நின்றுவிடுகிறது.

ஆனால் நீள இடமில்லாமல் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பது தனிக் கணக்கு. இரும்பு விறைப்பானது. அந்த 5 மி.மீ.யைத் தடுத்தால் ஒரு இஞ்ச் நடுத்தர ரக ஜிஐ பைப், இரு முனையிலும் ஏறக்குறைய மூன்று டன் விசையோடு தள்ளப் பார்க்கும். நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது. அதற்குள் பைப் வளையும், கிளாம்ப் பிடுங்கும், இல்லையென்றால் மரை விடும். அதே அளவு சிபிவிசி ஐந்து மடங்கு நீளப் பார்த்தாலும் அதன் தள்ளு அதிகம் போனால் 170 கிலோ. சூடேறி இளகும்போது அதுவும் குறையும். இரும்புக்கு நீளம் குறைவு, பலம் அதிகம். பிளாஸ்டிக்குக்கு நீளம் அதிகம், பலம் குறைவு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வருகிற விடையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பைப் முட்டாமல் நகர வேண்டுமானால் முனையில் ஒரு எல்போவில் (முழங்கை மாதிரி மடங்கும் இணைப்பில்) திரும்பி, அதற்கப்புறம் கிளாம்ப் இல்லாத ஒரு கால் இருக்க வேண்டும். அந்தக் கால்தான் வளைந்து கொடுக்கும். முக்கால் இஞ்ச் சிபிவிசியில், மேலே சொன்ன 10 மீட்டருக்கு, அந்தக் கால் சுமார் 60 சென்டிமீட்டர் வேண்டும். அதே அளவு ஜிஐக்கு? அதுவும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான். நீட்சி ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் வளைய மறுக்கும் குணம் அதிகம். அதனால் விட வேண்டிய இடம் இரண்டுக்கும் ஒன்றாகவே வந்து நிற்கிறது. சாதா பிபிஆருக்கு 80 சென்டிமீட்டர், இழை கலந்ததற்கு 45 சென்டிமீட்டர். ஆக, 'ஜிஐ என்றால் இடம் விட வேண்டாம்' என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

நகரும் உலோகத்தைச் சமாளிக்க மூன்றே வழி: வளையவிடு, நடுவில் சுருங்கி விரியும் துண்டு வை, அல்லது அசையாமல் அழுத்திப் பிடி. மூன்றும் தேவைப்படுகிற இடங்கள் நம் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. கூடங்குளத்தில் உலையிலிருந்து வெளியேறும் நீர் சுமார் 320 டிகிரி. குளிர்ந்த நிலையிலிருந்து அந்தச் சூட்டுக்குப் போகும்போது எஃகுக் குழாய் மீட்டருக்கு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் இதற்கு நேர் எதிர். கிரையோஜெனிக் எஞ்சின் சோதனைக்கு வரும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அது பாயும் எவர்சில்வர் குழாய் மீட்டருக்குச் சுமார் 3 மி.மீ. சுருங்கும். 10 மீட்டர் லைன் என்றால் 3 சென்டிமீட்டர் காணாமல் போகும். இப்படிப்பட்ட குளிர் லைன்களில்தான் மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸ் துண்டுகளுக்கு வேலை. மூன்றாவது வழி திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கிளம்பினால் காலுக்கடியிலேயே இருக்கிறது. நீளமாக வெல்டு செய்த தண்டவாளத்தின் நடுப்பகுதி வெயிலில் நீளுவதே இல்லை. சிலீப்பரும் ஜல்லியும் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. 30 டிகிரி ஏறினால் 60 கிலோ ரகத் தண்டவாளம் ஒவ்வொன்றுக்குள்ளும் 50 டன்னுக்கு மேல் அழுத்தம் அடைபட்டுக் கிடக்கும். முனைகளில் மட்டும் நகர இடம் விட்டிருப்பார்கள்.  

வீட்டுக்கு இந்த மூன்றில் முதல் வழியே போதும். பெல்லோஸ் செலவு வீட்டு லைனுக்குத் தேவையில்லை. அழுத்திப் பிடிப்பது என்றால் சிலீப்பரும் ஜல்லியும் செய்கிற வேலையைக் கைப்பிடிச் சுவரின் பூச்சும் இரண்டு இஞ்ச் ஸ்க்ரூவும் செய்ய வேண்டும். செய்யாது.

பெருமாள்புரத்தில் ஒரு மாடியில் பார்த்ததைச் சொன்னால் இது கண்ணுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சிபிவிசி லைன். சுவருக்கு அடித்த வெள்ளையில், ஒவ்வொரு கிளாம்பின் பக்கத்திலும் பைப் உரசிய தடம். ஹீட்டர் பக்கம் தடம் நகக்கண் அளவுதான். தள்ளிப் போகப் போக நீண்டு, கடைசி கிளாம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. பைப் தினமும் எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பதை அதுவே எழுதிவைத்த மாதிரி. கடைசி கிளாம்புக்கும் எல்போவுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்த எல்போவின் உள்மூலையில் மயிரிழை விரிசல், அதிலிருந்து சொட்டு. பிளம்பர், "அண்ணாச்சி, மூணு மட்டம் மாத்தியாச்சு, எல்போ நிக்க மாட்டேங்கு, பைப்பே சரியில்ல" என்றார். பைப்பில் குறை ஒன்றும் இல்லை. கடைசி கிளாம்பைக் கழற்றி, எல்போவுக்கு அந்தப் பக்கம் இறங்கும் காலில் முதல் கிளாம்பையும் இரண்டடி தள்ளிப் போட்டதும் சொட்டு நின்றது. அதே இடத்தில் ஜிஐ இருந்திருந்தால் எல்போ உடைந்திருக்காது. கிளாம்ப் ஸ்க்ரூ பூச்சோடு வந்திருக்கும், அல்லது மரையில் கசிந்திருக்கும்.

சரி, இனி பைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிஐக்கு இருக்கிற பெரிய பலம் சூடும் வெயிலும். ஹீட்டர் 90 டிகிரிக்குப் போனாலும் அதற்குக் கவலை இல்லை, வெயிலால் நொறுங்காது, மாடியில் கால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பலவீனம் மரை. மரை வெட்டும்போது கனம் பாதியாகிறது, துத்தநாகப் பூச்சும் அங்கே போய்விடுகிறது. நீட்சியின் இழுப்பும் தள்ளும் வந்து சேர்வதும் அதே இடத்தில். துரு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே பாரமும் விழுகிறது. வெந்நீரில் இன்னொரு சங்கதி: 60 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில், சில வகை நீருக்கு, துத்தநாகம் இரும்பைக் காக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டில் இது மெதுவாக நடக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புத் தண்ணீர் போர்வெல்லை நம்பியிருக்கிற வீட்டில் ஜிஐ வெந்நீர் லைனை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு பக்கம் உப்பு தின்னும், இன்னொரு பக்கம் கடினநீரின் சுண்ணாம்பு உள்ளே படிந்து அடைக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் நீலப் பட்டை போட்ட நடுத்தர ரகத்துக்குக் கீழே போக வேண்டாம். மஞ்சள் பட்டையில் மரை வெட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

சிபிவிசிதான் இன்று பெரும்பாலான வீடுகளுக்கு என் தேர்வு. ஐ.எஸ். 15778 முத்திரை பார்த்து வாங்குங்கள். எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என்று இரண்டு கனம் கிடைக்கும் (எண் குறைந்தால் கனம் கூடும்). வெந்நீருக்கு 11 எடுங்கள். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் மிகக் குறைவு, நாலு மீட்டர் உயரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 0.4 கிலோதான். ஆகவே பிரஷர் பம்ப் இல்லாத வீட்டில் பைப் வெடிக்குமோ என்ற பயம் தேவையில்லை. பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, ஹீட்டரை ஒட்டிய முதல் ஒரு மீட்டர். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு நாள் ஊருக்குப் போனால், சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். சிபிவிசியின் எல்லையும் அங்கேதான். அதனால் ஹீட்டர் வாயிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் உலோக பைப் போட்டு, அதற்கப்புறம் பித்தளை மரை வைத்த இணைப்பில் சிபிவிசிக்கு மாறுங்கள். மேலே நிற்கும் காற்றுக் குழாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். இரண்டாவது, வெயில். நேரடி வெயில் பட்டால் மேல்பரப்பு வெளுத்து மாவாகி, நாளாக நாளாக நொறுங்கும் தன்மை வரும். தண்ணீரில் கரைக்கும் வகை வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் வெயிலும் படாது, சூடும் குறையும். எண்ணெய் பெயின்ட் கூடாது. அதில் உள்ள கரைப்பான் சிபிவிசியில் விரிசல் உண்டாக்கும். மரைக்கும் டெப்லான் டேப் மட்டும் போதும். சணலும் எண்ணெய்ப் பசையும் இங்கே வேண்டாம்.

பிபிஆரில் ஒட்டு என்பதே இல்லை. 260 டிகிரியில் உருக்கி இணைப்பதால் பைப்பும் பிட்டிங்கும் ஒரே உடம்பாகிவிடும். உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் எதுவும் அதைத் தின்னாது. எல்போ சொட்டும் தொல்லை மிகக் குறைவு. ஆனால் சாதா பிபிஆரை வெயில் படும் மாடியில் நீள லைனாகப் போட்டால் 6 சென்டிமீட்டர் போக்கு வரவு. கிளாம்புக்குக் கிளாம்ப் தொங்கிப் போய்விடும். சுவருக்குள்ளே புதைக்க அது நல்லது, மாடிக்கு இழை கலந்தது மட்டுமே. அதைச் சரியாக உருக்கத் தெரிந்த கை வேண்டும் என்பது அடுத்த சிக்கல். அதிகம் சூடாக்கி அழுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் பிதுங்கி வழி குறுகிவிடும், அது வெளியே தெரியாது. உங்கள் ஊரில் அந்த மெஷினோடு தினமும் வேலை செய்கிறவர் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

காம்போசிட் பைப் சுருளாக வரும், கையாலேயே வளைக்கலாம். எல்போ குறைவு, வளைவே நீட்சியை வாங்கிக்கொள்ளும். குறை அதன் பித்தளை இணைப்பில். சூடும் குளிருமாக வருடக்கணக்கில் போய் வரும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தளர்கிறது. இணைப்புகளைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க முடிந்தால் நல்ல தேர்வு. சுவருக்குள் இணைப்பைப் புதைக்கவே கூடாது. செம்பு அருமையானது, விலை ஒத்துவந்தால் சரி. யுபிவிசி வெந்நீருக்கு ஆகவே ஆகாது. அதன் அழுத்த அளவே 27 டிகிரிக்குச் சொன்னது. சூடு ஏற ஏறத் தாங்கும் திறன் இறங்கிக்கொண்டே வரும். பச்சைத் தண்ணீர் லைனுக்குப் போடுங்கள். அங்கேயும் வெயிலில் காலியாகக் கிடக்கும் பைப் 55, 60 டிகிரி வரை காயும் என்பதை மறக்க வேண்டாம்.

போடும் முறைக்கு வருகிறேன். நான் அதிகம் வலியுறுத்துவது நேரத்தை. பைப்பை அளந்து வெட்டி ஒட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் நடுப்பகலில் 55 டிகிரியில் கிடக்கும் சிபிவிசியை இழுத்துப் பொருத்தி இரண்டு முனையிலும் இறுக்கினால், மார்கழி விடியலில் அது 22 டிகிரிக்கு வரும்போது 10 மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். தள்ளுவதைவிட இழுப்பதுதான் ஒட்டிய ஜாயின்ட்டுக்கு ஆபத்து. நடுப்பகலில் ஒட்டும் சொல்யூஷனும் பைப்பைச் செருகுவதற்குள் காய்ந்துவிடும். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் இன்னொரு வகைச் சோதனை உண்டு. காய்ந்துகொண்டிருந்த பைப் மேல் திடீரென்று மழை விழுந்தால் சில நிமிஷத்தில் இருபது டிகிரி இறங்கும். மெதுவான மாற்றத்தில் தப்பிக்கும் ஜாயின்ட் இதில்தான் மாட்டும்.

கிளாம்ப் விஷயத்தில், லைனுக்கு ஒரே ஒரு இடத்தில் இறுக்கிப் பிடியுங்கள், மற்ற எல்லாம் பைப்பைத் தாங்கினால் போதும், பிடிக்க வேண்டாம். இறுக்கும் அந்த இடத்தை நடுவில் வைத்தால் நீட்சி இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும், 27 மி.மீ. என்பது பக்கத்துக்கு 13 ஆகிவிடும். சிபிவிசிக்கு மூன்றடிக்கு ஒரு தாங்கல் வேண்டும், இல்லையென்றால் சூட்டில் தொங்கும். முனையில் திரும்ப இடமில்லாத நேர் லைன் என்றால் நடுவே 'ப' வடிவில் ஒரு வளைவு: ஏறும் கால் 24 சென்டிமீட்டர், குறுக்கே 12, இறங்கும் கால் 24. வளைவைப் படுக்கையாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் உச்சியில் காற்று தங்கி, மேல்தொட்டி அழுத்தத்தில் தண்ணீர் போகாது. நல்ல பிளம்பர்கள் சிலர்கூட இதைக் கவனிப்பதில்லை. சுவரையோ தளத்தையோ துளைத்துப் போகும் இடத்தில் ஒரு அளவு பெரிய பைப் துண்டை உறையாக வைத்து, அதற்குள் விடுங்கள். சிமென்ட் நேரடியாகப் பிடித்தால் அதுவும் ஒரு இறுக்கிய கிளாம்ப்தான். மேலே கறுப்பு நுரை உறை போட்டால் சூடும் தங்கும், உரசலும் குறையும். வெயிலில் அந்த நுரையும் உதிரும் என்பதால் அதற்கும் மேலே ஏதாவது சுற்ற வேண்டும்.

என்னிடம் கேட்டால்: பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம் என்று ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில், 10, 15 மீட்டர் லைனுக்கு, முதல் ஒன்றரை மீட்டர் ஜிஐ, மீதி எஸ்டிஆர் 11 சிபிவிசி, வெள்ளை பெயின்ட். வள்ளியூருக்குத் தெற்கே உப்புத் தண்ணீர் வீட்டில் அந்த முதல் துண்டும் எவர்சில்வராக இருக்கட்டும்; 304 உப்பில் குழி விழும், 316 கிடைத்தால் நல்லது. மீதிக்கு உருக்கத் தெரிந்த ஆள் இருந்தால் இழை பிபிஆர், இல்லையென்றால் சிபிவிசி. ஹாஸ்டல், கல்யாண மண்டபம் மாதிரி 50 மீட்டர் ஓடும் இடத்தில் சிபிவிசி 13 சென்டிமீட்டருக்கு மேல் நீளும், ஜிஐகூட இரண்டரை சென்டிமீட்டர். அங்கே ஒரு வளைவு போதாது. லைனை நாலைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடியும் ஒரு வளைவும் வைத்து, வரைபடம் போட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே லைன் போட்டவர்கள் எதையும் பிரித்துப் போட வேண்டியதில்லை. ஒரு காலையில் தண்ணீர் திறப்பதற்கு முன் ஒவ்வொரு கிளாம்ப் ஓரத்திலும் பைப் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சூடான தண்ணீர் பத்து நிமிஷம் ஓடியபின் போய்ப் பாருங்கள். கோடு எங்கே அதிகம் நகர்ந்திருக்கிறதோ அந்த முனையில் எல்போவுக்கு இரண்டு பக்கமும் இரண்டடிக்குள் இருக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள். எங்குமே நகரவில்லையென்றால் லைன் எங்கோ இறுகிப் பிடிபட்டிருக்கிறது. சுவர் துளையில் சிமென்ட் பூசிய இடத்தை முதலில் பாருங்கள்.